இரண்டு பெட்டி, ஒரு வீடு: சொந்த ரவுட்டர் மாட்டிய அனுபவம்

எங்கள் வீடு பாளையங்கோட்டையில். மாமனார் காலத்தில் கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கனமான கான்கிரீட் தளம். ஃபைபர் இணைப்புக் கொடுக்க வந்த தம்பி, ஒயர் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்ததோ அந்த ஜன்னலுக்குப் பக்கத்திலேயே, செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார். நான் வேலை பார்ப்பது மாடியில், பின்பக்க அறையில். 150 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோம். என் மேஜையில் ஐந்தோ ஆறோ வந்தால் அதிகம். அலுவலகக் கூட்டத்தில் நான் பேசப் பேச என் குரல் மட்டும் அறுந்து அறுந்து போகும். மறுமுனையில் இருப்பவர்கள் "உங்க சத்தம் வரல" என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

அதனால்தான் சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்கினேன். மாடிக்கு ஒரு லேன் ஒயர் ஏற்கெனவே சுவருக்குள் பைப்பில் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு ஒயரிங் மாற்றியபோது எலக்ட்ரீஷியன் போட்டுவைத்தது. கீழே மோடத்தில் ஒரு முனை, மேலே ரவுட்டரில் மறுமுனை, அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன். கடைசியில் எல்லாம் சீராக ஒன்றரை மாதம் ஆனது. அந்த நாட்களில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இறங்கும் யாருக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மிச்சமாகட்டும்.

முதலில் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். நாம் வழக்கத்தில் 'மோடம்' என்கிறோம். அது தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் வந்த காலத்துப் பெயர். 2005-ல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் வந்த சமயத்தில், டெஸ்க்டாப்பில் ஒரு ஐகானைத் தட்டி, யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்து 'கனெக்ட்' அழுத்தியது பலருக்கு நினைவிருக்கும். அப்போது மோடம் வெறும் மோடமாக இருந்தது; உள்நுழையும் வேலையைக் கணினியே செய்தது. இன்று ஃபைபர்காரர்கள் தரும் பெட்டிக்குச் சரியான பெயர் ஓஎன்டி. ஒளியாக வருவதை மின்சமிக்ஞையாக மாற்றுவது அதன் முதல் வேலை. அதோடு உள்நுழைவது, வீட்டிலுள்ள ஒவ்வொரு போனுக்கும் டிவிக்கும் ஒரு ஐபி எண் (நெட்வொர்க்கில் அதன் முகவரி) கொடுப்பது, வெளியே போகும் எல்லாவற்றையும் ஒரே எண்ணின் பின்னால் மறைப்பது (இதற்கு 'நேட்' என்று பெயர்), வைஃபை பரப்புவது எல்லாமே அதே பெட்டிக்குள் நடக்கின்றன. ஒளியை மாற்றும் முதல் வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கடையில் வாங்கும் ரவுட்டரும் செய்யும். இரண்டையும் ஒயரால் இணைத்தால், ஒரே வீட்டில் ஒரே வேலைக்கு இரண்டு ஆள் வைத்த மாதிரி ஆகிவிடும். எந்த வேலையை யார் செய்வது என்று நாம் பிரித்துக் கொடுக்காவிட்டால் அவை ஒன்றோடொன்று முட்டும்.

என் வீட்டில் முதல் நாளே முட்டின. ரவுட்டரின் பின்னால், வெளி இணைப்புக்கென 'வேன்' என்று எழுதியிருக்கும் தனித்துளையில் ஒயரைச் சொருகினேன். வைஃபை வந்தது, போன் சேர்ந்தது, இணையம் மட்டும் இல்லை. ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் இரண்டையும் மாற்றி மாற்றி அணைத்துப் போட்டேன். பிறகு ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன்: 192.168.1.1. கீழே போய் மோடத்தின் ஸ்டிக்கரைப் பார்த்தேன். அதிலும் 192.168.1.1. வெளிப்பக்கம் இருக்கும் தெருவுக்கும் உட்பக்கம் இருக்கும் தெருவுக்கும் ஒரே பெயர் என்றால், தபால் எந்தப் பக்கம் போகும்? ரவுட்டருக்கு அதுதான் புரியவில்லை. சில ரவுட்டர்கள் இதைத் தாமே கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும். என்னுடையது மாற்றிக்கொள்ளவில்லை. ரவுட்டரின் லேன் பக்கத்து (வீட்டு உட்பக்கத்து) எண்ணை 192.168.10.1 என்று மாற்றினேன். அரை நிமிடத்தில் விளக்குப் பச்சையானது. பெட்டியைப் பிரித்ததும் இரண்டு ஸ்டிக்கரையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.

இரண்டு வாரம் அப்படியே ஓடியது. வேலைக்கு ஒரு குறையும் இல்லை. வீடியோ கூட்டம், அலுவலக விபிஎன், எல்லாம் ஒழுங்காகப் போயின. பிரச்சினை கீழே இருந்த பிரிண்டரில் வந்தது. அது மோடத்தின் வைஃபையில் இருந்தது. என் லேப்டாப் மாடி ரவுட்டரில். பக்கத்து அறையில் இருப்பது போலத்தான் இரண்டும், ஆனால் லேப்டாப் "பிரிண்டர் இல்லை" என்றது. மகள் மாடியில் இருந்து போனில் உள்ள படத்தைக் கீழ்ஹால் டிவிக்கு அனுப்பப் பார்த்தாள். டிவியின் பெயரே பட்டியலில் வரவில்லை. காரணம் எளிது. "இங்கே யாராவது பிரிண்டர் இருக்கீங்களா?" என்று லேப்டாப் கூப்பிடும் குரல் தன் ரவுட்டரின் எல்லையைத் தாண்டாது. வீட்டுக்குள் வீடு என்று இரண்டு நெட்வொர்க் ஆகிவிட்டன. இரண்டு பெட்டியும் நேட் செய்வதால் இதை 'டபுள் நேட்' என்கிறார்கள். உலாவ, படம் பார்க்க, பேச அது ஒரு தடையும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டபுள் நேட் என்ற சொல்லைக் கேட்டதுமே ஏதோ நோய் வந்ததுபோல் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்குள் ஒரு கருவி இன்னொன்றைத் தேடும்போதும், வெளியிலிருந்து யாராவது உள்ளே வரவேண்டியிருக்கும்போதும்தான் அது உறுத்தும்.

இன்னொரு சங்கதியும் உறுத்தியது. வேகச்சோதனை எப்போது போட்டாலும் 94. காலையில் 94, நள்ளிரவில் 94. 150-க்குக் கட்டிவிட்டு 94 வாங்குகிறோம் என்றால், அலைபேசி நிறுவனங்கள் மாதிரி இவர்களும் குறைத்துத் தருகிறார்கள் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் இணைப்பு நிஜமாகவே மந்தமாக இருந்தால் எண் ஏறி இறங்கும். ஒரே இடத்தில் ஆணி அடித்ததுபோல் நிற்கும் 94 வேறொன்றைச் சொல்கிறது. 100 எம்பிபிஎஸ் ஈத்தர்நெட் இணைப்பில், ஒவ்வொரு பொட்டலத்தின் மேலுறைக்கும் போனது போக மிஞ்சுவது கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்படியானால் எங்கோ நடுவில் ஒரு இணைப்பு ஆயிரத்துக்குப் பதிலாக நூறில் பேசிக்கொண்டிருக்கிறது.

மோடத்தில் நான்கு லேன் துளைகள். எல்லாம் ஒரே மாதிரி தெரியும். எங்கள் பெட்டியில் முதல் துளை மட்டும்தான் கிகாபிட், அதாவது ஆயிரம் எம்பிபிஎஸ். மற்ற மூன்றும் நூறுதான். நான் சொருகியிருந்தது மூன்றாவதில். முதலாவதுக்கு மாற்றினேன். மறுபடியும் 94. அப்படியானால் ஒயர். மாடிச் சுவரில் இருந்த முனையைக் கையில் எடுத்து, அந்தக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கொண்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எட்டு இழைகளில் ஏழு நுனிவரை போயிருந்தன. பழுப்பு மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டிருந்தது. நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு, பச்சை என இரண்டு ஜோடி போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு இழை தொடாவிட்டாலும் இரண்டு பெட்டிகளும் தங்களுக்குள் பேசி, முணுமுணுக்காமல் நூறுக்கு இறங்கிவிடும். எங்கும் பிழை என்று காட்டாது.

கொண்டையை ஒயரில் அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூல் ஒன்றை வாங்கி நானே செய்தேன். கஷ்டமான வேலை இல்லை, பொறுமையான வேலை. வெளித்தோலை ஒரு அங்குலம் உரித்து, முறுக்கை அவிழ்த்து, இழைகளை வரிசைப்படுத்த வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. நடுவில் பச்சை ஜோடியைப் பிரித்து நீலத்தை இடையில் விடுவதுதான் எல்லோரும் தவறும் இடம். விரல்நகத்தால் ஒவ்வொரு இழையையும் தேய்த்து நேராக்கி, நுனியைச் சமமாக வெட்டி, கொண்டையின் அடிவரை தள்ளி, நுனியில் எட்டுச் செம்புப் புள்ளிகளும் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே அழுத்த வேண்டும். இரண்டு கொண்டைகளைக் கெடுத்துவிட்டு மூன்றாவதில் சரியாக வந்தது. ரவுட்டர் பக்கத்தில் இணைப்பு 1000 என்று காட்டியது. சோதனை போட்டேன்: 152. அந்த எண்ணைப் பார்த்தபோது கிடைத்த நிம்மதி இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் கணக்கு விடை பின்பக்கத்தோடு ஒத்துப்போனதற்குப் பிறகு அப்படி ஒன்றை நான் அனுபவித்ததில்லை.

இங்கே ஒயர் வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் 'கேட் 6' என்று அச்சடித்த ஒயரை மலிவாகக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு இழையைப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், சுரண்டிய இடத்தில் வெள்ளிபோல் வெளுத்திருந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம். வளைத்தால் சீக்கிரம் முறியும். நீளமாகப் போனால் நம்பிக்கை கிடையாது. அதன் வழியாகவே மின்சாரமும் எடுக்கும் கேமராக்களுக்குச் சுத்தமாக ஆகாது. வீட்டுக்கு முழுச்செம்பு 'கேட் 5இ' ஒயரே தாராளம். நூறு மீட்டர் வரை கிகாபிட் தாங்கும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். பிரிண்டரை மாடி ரவுட்டருக்கு மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் மனசு கேட்கவில்லை. மோடத்தை வெறும் மோடமாக்கிவிட்டு, உள்நுழைவது முதல் எல்லாவற்றையும் என் ரவுட்டரே செய்ய வேண்டும் என்று ஆசை. இதற்கு 'பிரிட்ஜ் மோடு' என்று பெயர். மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கணக்கில் இந்த வசதி பெரும்பாலும் தெரியாது. நிறுவனத்து ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

வந்த தம்பி வாசலில் நின்று, "சார் இருக்காங்களா மேடம்?" என்றார். நான்தான் கூப்பிட்டது, நான்தான் ரவுட்டர் போட்டிருக்கிறேன் என்றதும் உள்ளே வந்தார். "எதுக்கு மேடம் பிரிட்ஜு? வைஃபைதான் இதுலயே வருதே" என்று கேட்டார். மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டியதும் புரிந்துகொண்டார். நல்ல பையன். முதல் லேன் துளையை மட்டும் பிரிட்ஜில் போட்டார். பெட்டியோடு வந்த தொலைபேசிக்குத் தனி வழி என்பதால் அது வழக்கம்போல் வேலை செய்தது. யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் என் நோட்டில் எழுதிக் கொடுத்தார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, புள்ளி, '@' அடையாளம் எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே ஒருமுறை திரும்பப் படித்துக்காட்டினேன். சில ஊர்களில் விலான் எண் (நிறுவனத்தின் ஒயரில் நம் இணைப்புக்கான தனிப்பாதை எண்) என்று ஒன்றையும் ரவுட்டரில் போட வேண்டியிருக்கும். எங்கள் மோடம் அதைத் தானே ஒட்டிக்கொள்கிறது, நீங்கள் போட வேண்டாம் என்றார். இந்தக் கேள்வியை அவர் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். அந்த எண் தெரியாமல் உட்கார்ந்தால் எத்தனை முறை பாஸ்வேர்டு அடித்தாலும் பயனில்லை.

ரவுட்டரில் இணைப்பு வகையைப் பிபிபிஓஇ (யூசர் நேம், பாஸ்வேர்டு கொடுத்து உள்நுழையும் முறை) என்று மாற்றி விவரத்தைக் கொடுத்தேன். 'உறுதிப்படுத்த முடியவில்லை' என்று வந்தது. பாஸ்வேர்டு தப்போ என்று மறுபடி மறுபடி அடித்தேன். தம்பிக்குப் போன் போட்டதும் அவர் சொன்னார்: "பழைய செஷன் அங்க இன்னும் விழல மேடம். எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு கால் மணி நேரம் சும்மா விடுங்க." அவர்களுடைய சர்வரைப் பொறுத்தவரை என் கணக்கு மோடம் வழியாக ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, இன்னொருவர் அதே பெயரில் வந்தால் கதவு திறக்காது. டீ போட்டுக் குடித்துவிட்டு வந்து ஆன் செய்தேன். முதல் முயற்சியிலேயே உள்ளே போய்விட்டது. சில நிறுவனங்கள் பழைய பெட்டியின் மேக் எண்ணோடு (ஒவ்வொரு பெட்டிக்கும் தயாரிக்கும்போதே கொடுக்கும் அடையாள எண்) கணக்கைக் கட்டிவைத்திருக்கும். அப்போது காத்திருந்தாலும் ஆகாது. அவர்களிடம் சொல்லி அவிழ்க்கச் சொல்ல வேண்டும்.

எல்லாம் வந்தது, எங்கள் வங்கியின் பக்கத்தைத் தவிர. உள்நுழைந்ததும் வெள்ளைத் திரையாக நின்றுவிடும். மற்ற தளங்கள் பறக்கின்றன, இது மட்டும் நிற்கிறது. ஈத்தர்நெட்டில் ஒரு பொட்டலம் அதிகபட்சம் 1500 பைட். பிபிபிஓஇ தன் மேலுறைக்கு அதில் 8 பைட் எடுத்துக்கொள்ளும். நமக்கு மிஞ்சுவது 1492. ரவுட்டரில் பொட்டலத்தின் உச்ச அளவைச் சொல்லும் 'எம்டியு' என்ற கட்டத்தில் நான் கையால் 1500 போட்டு வைத்திருந்தேன். முழு அளவில் வரும் பெரிய பொட்டலங்கள் வழியில் விழுந்துகொண்டிருந்தன. சின்னவை மட்டும் வந்து சேர்ந்தன. 1492 என்று மாற்றியதும் வங்கி திறந்தது. சோதிக்க ஒரு வழி உண்டு. கணினியில் 'துண்டாக்காதே' என்ற கட்டளையோடு 1464 பைட்டுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பொட்டலம்) அனுப்பிப் பாருங்கள். அதோடு 28 பைட் தலைப்புச் சேர்ந்து 1492 ஆகும். 1464 போய், 1465 போகாவிட்டால் அளவு சரி.

பிரிட்ஜில் போடுகிறவர்கள் மறந்துவிடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதுவரை வெளியுலகத்துக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் மோடத்தின் பாதுகாப்பு இருந்தது. இனி உங்கள் ரவுட்டர்தான் வாசற்கதவு. அதன் அட்மின் பாஸ்வேர்டை மாற்றாமல், மென்பொருளைப் புதுப்பிக்காமல், 'வெளியிலிருந்து நிர்வகிக்கும்' வசதியை அணைக்காமல் அந்த வேலையில் இறங்கவே கூடாது. புது வகை ஐபி எண்முறையான ஐபிவி6-ஐ இயக்கினால், வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் ஃபயர்வாலும் அதற்கு இயங்குகிறதா என்று பாருங்கள்.

நான் பிரிட்ஜுக்கு இவ்வளவு அலைந்ததற்கு இன்னொரு காரணம் வாசல் கேமரா. வெளியூரிலிருந்து நேரடியாக அதைப் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்துவிட்டேன். வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. ரவுட்டரின் முகப்பில் எனக்குக் கிடைத்திருந்த எண்ணைப் பார்த்தேன், 100-ல் தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் உங்களுக்கு வந்திருந்தால், அது உங்களுக்கே உரிய பொது எண் இல்லை. உலகின் ஐபிவி4 (பழைய வகை ஐபி) எண்களின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோனது. 2012-ல் இந்த வரிசையை நிறுவனங்களின் உள்பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கினார்கள். ஒரு பொது எண்ணின் பின்னால் பல வீடுகளை வைத்து ஓட்டுகிறார்கள். இதற்குச் சிஜிநேட் என்று பெயர். மோடத்தில் இருந்த ஒரு நேட்டை நான் எடுத்துவிட்டேன். நிறுவனத்திடம் இருக்கும் நேட் அப்படியேதான் இருக்கிறது. இது முதலிலேயே தெரிந்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம். வெளியிலிருந்து வீட்டுக்குள் வருவதற்காகத்தான் பிரிட்ஜ் வேண்டும் என்றால், எதையும் மாற்றும் முன் மோடத்தின் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள். 100 வரிசை என்றால் தனிக்கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்க வேண்டும், அல்லது கேமராக்காரர்களின் செயலி வழியாகவே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் எண்ணத்தை மாற்றியது.

ஒரு நாள் காலையில் எழுந்தால் இணையம் இல்லை. கீழே மோடத்தின் பழைய வைஃபை பெயர் மீண்டும் பரவிக்கொண்டிருக்கிறது. இரவில் நிறுவனத்து சர்வர் தூரத்திலிருந்தே மோடத்தின் அமைப்புகளைப் பழையபடி எழுதிவிட்டிருந்தது. மோடம் மறுபடி ரவுட்டராகிவிட்டது. என் ரவுட்டர் வெற்றுச் சுவரில் யூசர் நேம் சொல்லிக்கொண்டிருந்தது. தம்பி வந்து மீண்டும் மாற்றி, அவர்கள் பதிவேட்டிலும் 'பிரிட்ஜ்' என்று குறிக்கச் சொன்னார். அதன்பின் தானாக மாறவில்லை. ஆனால் அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்தோம். வீட்டில் அத்தை மட்டும். மழையில் தெருவில் ஒயர் அறுந்துவிட்டது. வேறொரு ஆள் வந்து ஒட்டினார். விளக்கு சரியாகியும் மாடியில் நெட் வராததால், மோடத்தின் பின்பக்கம் இருந்த சின்னத் துளையில் ஊசியை விட்டு ரீசெட் செய்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் கற்றுக்கொண்ட முறை அதுதான். நூறு வீட்டில் தொண்ணூற்றொன்பது வீட்டில் அதில் சரியாகிவிடும். "இங்க ஒண்ணுமே வரமாட்டேங்கும்மா" என்று அத்தை போனில் சொல்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் பேரனோடு தினமும் இரவு பேசுவார்கள். இரண்டு நாள் பேச முடியவில்லை. நான் கல்யாண மண்டபத்தில் நின்றுகொண்டு, எழுபத்திரண்டு வயது அத்தைக்கு எந்த ஒயரை எங்கே மாற்றுவது என்று சொல்லப் பார்த்துத் தோற்றேன்.

அதுவரை எந்த அமைப்பு தொழில்நுட்பத்தில் சிறந்தது என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் ஊரில் இல்லாத நாளில் இது நின்றுபோனால், வீட்டில் இருப்பவரும் வந்து பார்க்கும் ஆளும் சேர்ந்து இதை எழுப்ப முடியுமா என்பதை யோசிக்கவே இல்லை. அதனால் இன்று யார் கேட்டாலும், நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: உங்கள் வீட்டில் பகலில் யார் இருப்பார்கள்?

சில வாரம் கழித்து அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டுக்கும் ரவுட்டர் போட வேண்டி வந்தது. பின்கட்டில் வைஃபை எடுப்பதில்லை. அங்கே நான் பிரிட்ஜின் பக்கமே போகவில்லை. மோடமே எஜமானனாக இருக்கட்டும், ரவுட்டர் வைஃபையை மட்டும் பரப்பட்டும் என்று வைத்தேன். 'ஆக்சஸ் பாயிண்ட்' என்று ஒரே பொத்தானில் இந்த வசதி சில ரவுட்டர்களில் உண்டு. அப்பா பழைய ரவுட்டர் ஒன்றை வைத்திருந்தார். அதில் அந்தப் பொத்தான் இல்லை. கையால் செய்தேன். இதில் வரிசை முக்கியம். முதலில் ரவுட்டரின் சொந்த எண்ணை மோடத்தின் தெருவுக்குள் கொண்டுவர வேண்டும்: மோடம் 192.168.1.1 என்றால் ரவுட்டர் 192.168.1.250. மோடம் எண்களைப் பெரும்பாலும் கீழிருந்து கொடுத்துக்கொண்டு வரும் என்பதால் மேல்கோடியில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். புது எண்ணில் உள்ளே நுழைந்து பார்த்த பிறகுதான், வீட்டுக்கு எண் கொடுக்கும் டிஹெச்சிபி-யை ரவுட்டரில் அணைக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் ரவுட்டரின் பக்கத்தையே பிறகு திறக்க முடியாமல் போகலாம். கடைசியில் மோடத்திலிருந்து வரும் ஒயரை ரவுட்டரின் வேன் துளையில் சொருகாமல் லேன் துளைகளில் ஒன்றில் சொருக வேண்டும். வேன் துளை காலியாகவே இருக்கும். பார்ப்பதற்குத் தப்பாகத் தெரியும், அதுதான் சரி.

இரண்டு பெட்டிக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முன்பக்கத்துக்கு 1-ஆம் சேனல், பின்கட்டுக்கு 11. அம்மா நடந்துபோகும்போது போன் தானே மாறிக்கொள்கிறது. சிலசமயம் பழையதையே பிடித்துக்கொண்டு தொங்கும். வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டால் போதும். எல்லாம் ஒரே நெட்வொர்க் என்பதால் டிவியும் போனும் ஒன்றையொன்று பார்க்கின்றன. யாராவது வந்து மோடத்தை ரீசெட் செய்தாலும் அது மீண்டும் 192.168.1.1 ஆகத்தான் எழும். உள்நுழையும் விவரத்தை அவர்கள் ஆளே போட்டுவிடுவார், பின்கட்டு ரவுட்டர் எதுவும் நடக்காததுபோல் வேலை செய்யும். என் பார்வையில் பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும். பாளையங்கோட்டை வீட்டையும் இப்போது இப்படித்தான் மாற்றி வைத்திருக்கிறேன். அந்த ஒன்றரை மாத உழைப்பை விட்டுக்கொடுக்க வருத்தமாகத்தான் இருந்தது.

அம்மா வீட்டில் மின்சாரமும் அடிக்கடி போகும். மோடத்துக்கும் ரவுட்டருக்கும் தனித்தனி அடாப்டர், இரண்டிலும் ஒரே மாதிரி பின். ஒன்று 12 வோல்ட், மற்றது 9 வோல்ட். அன்று கையில் எடுத்தபோதே மாற்றிச் சொருகப் பார்த்தேன். உடனே ஒவ்வொன்றின் கழுத்திலும் வெள்ளை டேப் சுற்றி, பேனாவால் 'மோடம்', 'பின்கட்டு' என்று எழுதினேன். சின்ன யுபிஎஸ் வாங்குகிறவர்கள் இரண்டு அடாப்டரின் வோல்ட்டையும் ஆம்பியரையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒவ்வொன்றின் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும்; இரண்டு வாட்டையும் கூட்டினால் வருவதைவிடக் கூடுதலாகத் தாங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஃபைபர் ஒயரைப் பற்றி அம்மாவிடம் தனியாகச் சொன்னேன். பச்சைக் கொண்டையோடு மோடத்துக்குள் போகும் அந்த மெல்லிய மஞ்சள் ஒயருக்குள் இருப்பது கண்ணாடி இழை. துடைக்கும்போது இழுத்தாலோ, ஆணியில் மடித்துத் தொங்கவிட்டாலோ ஒளி கசிந்துவிடும். கழற்றிவிட்டு நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஆகாது. பிறகு ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி மோடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மஞ்சள் ஒயரைத் தொட வேண்டாம். 'எல்ஓஎஸ்' என்ற இடத்தில் சிவப்பு மின்னினால் கோளாறு வெளியே. ஆபீசுக்குப் போன் செய்தால் போதும். சிவப்பு இல்லாமல் நெட் மட்டும் இல்லை என்றால் இரண்டையும் அணைத்து, முதலில் மோடம், இரண்டு நிமிடம் கழித்துப் பின்கட்டு என்று போட வேண்டும். அதற்குக் கீழே வாடிக்கையாளர் எண்ணும் புகார் எண்ணும்.

போன மாதம் ஒரு மத்தியானம் அம்மா கூப்பிட்டார்கள்.

"ஏட்டி, பெட்டியில செவப்பு லைட்டு மின்னுது. நீ எழுதி வச்சதப் பாத்துட்டு ஆபீசுக்குப் போன் பண்ணிட்டேன். எதையும் தொடல."

"எப்ப வாராங்களாம்?"

"சாயங்காலம்னு சொன்னான். குரங்கு வந்து மொட்டமாடில ஒயரப் புடிச்சு இழுத்துப் போட்டிருக்கு. நானே போயி பாத்தேன்."

ஐந்து மணிக்கு ஆள் வந்து மொட்டைமாடியில் ஒயரை ஒட்டிக் கொடுத்திருக்கிறார். பின்கட்டுப் பெட்டியைப் பார்த்து, "இது எதுக்கும்மா?" என்று கேட்டாராம். "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று அம்மா சொல்லியிருக்கிறார்கள். ஆறரை மணிக்கு எனக்கு வீடியோ கால் வந்தது, பின்கட்டிலிருந்து. அடுப்பில் சாம்பார் கொதிப்பது தெளிவாகத் தெரிந்தது.